ப்ரூஃபில் போட்ட கையெழுத்து இணையதளத்தில் எங்கே?

வடசென்னை, பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமனார் தொடங்கிய அச்சகத்தைக் கணவர் காலமான பிறகு அவரே நடத்துகிறார். ஒரு ஆஃப்செட் மெஷின், ஒரு டிஜிட்டல் மெஷின், வேலைக்கு மூன்று பேர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, தபால் உறை, நோட்டீஸ் என்று எல்லாம் அடிக்கிறார்கள். ஆண்டுக்கு 16 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம். ஜிஎஸ்டி பதிவு இல்லை.

ஆறு மாதத்துக்கு முன் அண்ணன் மகன் ஒரு இணையதளம் போட்டு, அதில் ஆர்டர் படிவமும் வைத்துக் கொடுத்தார். அது கூகுள் படிவம். வருகிற கோப்புகள் அவருடைய சொந்த டிரைவில் போய்ச் சேருகின்றன. திருநெல்வேலியிலிருந்து ஒருவர் அந்தப் படிவம் வழியாக 500 கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்து 14,500 ரூபாய் கட்டினார். மேட்டரை, அதாவது அச்சிட வேண்டிய வாசகத்தை, பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து அனுப்பியிருந்தார். அதை இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும்போது மணப்பெண்ணின் பெயரில் இருந்த "ஸ்ரீ" காணாமல் போய்விட்டது. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கக் காட்டும் மாதிரி) போனது, பதிலுக்குக் கட்டைவிரல் குறி வந்தது, காலையில் மெஷின் ஓடியது. அவர்கள் ஊரிலேயே வேறு இடத்தில் அவசரமாக அடித்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். இப்போது 14,500 ரூபாயும், மன உளைச்சலுக்கு 25,000 ரூபாயும் தராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்கிறார் பெண்ணின் தந்தை.

அதோடு சகோதரிக்கு இன்னும் சில குழப்பங்கள். படிவத்தில் "பிழைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி போட்டால் போதுமா? இணையதளம் இருந்தாலே ஜிஎஸ்டி கட்டாயம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வது சரியா? பெயர் ஊர் தெரியாத ஒருவர் படிவத்தில் 5,000 தேர்தல் நோட்டீஸ் கேட்டு முழுப் பணமும் அனுப்பியிருக்கிறார், அடிக்கலாமா? இல்லை, தளத்தையே மூடிவிடலாமா?

சகோதரி, உங்கள் கடிதத்தின் நடுவில், ஏதோ ஞாபகத்தில் எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. "எங்க மாமனார் இருந்தவரைக்கும் பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ வந்து ப்ரூஃப் தாளில் கையெழுத்து போடாமல் மெஷினில் பேப்பர் ஏறாது." அந்தப் பத்திரிகைத் தகராறுக்கும், பொறுப்பல்ல என்று போடலாமா என்ற கேள்விக்கும் விடை அந்த வரியில்தான் இருக்கிறது. நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு என் அப்பா ப்ரூஃப் தாளை எடுத்துவந்து, முற்றத்தில் உட்கார்ந்து சித்தப்பாக்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. படித்து முடித்து, ஓரத்தில் "சரி" என்று எழுதிக் கையெழுத்து போட்டார். அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒப்பந்தம் அந்தத் தாள்தான். கடை இணையத்துக்குப் போனபோது விலைப்பட்டியலும் படங்களும் போயின, அந்தத் தாள் போகவில்லை. அதனால் தளத்தை மூட வேண்டாம், அந்தத் தாளை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இணையத்தில் வந்த ஆர்டருக்குச் சட்டத்தில் என்ன இடம்?

கையால் எழுதிய ஆர்டருக்கு இருக்கும் அதே இடம்தான். மின்னணு முறையில் ஏற்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 10ஏ சொல்கிறது. ஆகவே "அது வெறும் ஃபார்ம்தானே, பில் போடவில்லையே" என்று நீங்கள் எழுதியது நிற்காது.

கவனிக்க வேண்டியது, ஒப்பந்தம் எந்த நொடியில் ஏற்படுகிறது என்பதை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும். வாடிக்கையாளர் படிவத்தை நிரப்பி அனுப்புவது முன்மொழிவு. உங்கள் தளமோ, அவர் அனுப்பிய மறு நொடியே "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, நன்றி" என்று தானாகவே பதில் அனுப்புகிறது. நீங்கள் மேட்டரைப் பார்க்கவில்லை, பேப்பர் கையிருப்பில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, அதற்குள் ஏற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அந்த வாசகத்தை இன்றைக்கே மாற்றுங்கள். "உங்கள் கோரிக்கை கிடைத்தது. மேட்டரைப் பார்த்து விலையும் தேதியும் சொல்கிறோம். நீங்கள் ப்ரூஃபை ஒப்புக்கொண்ட பிறகே அச்சு வேலை தொடங்கும்" என்று இருக்கட்டும்.

அந்த 500 பத்திரிகை

இதில் நான் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "அவங்க ப்ரூஃபை ஓகே பண்ணிட்டாங்க, எங்க தப்பு எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அனுப்பிய மேட்டரில் பெயர் சரியாக இருந்தது. உங்கள் கடைக் கணினியில் எழுத்துருவை மாற்றும்போதுதான் "ஸ்ரீ" விழுந்தது. பிழை பிறந்த இடம் உங்கள் கடை. அவர் மேட்டரிலேயே தப்பாக எழுதியிருந்து, நீங்கள் அதை அப்படியே அடித்திருந்தால் கதை வேறு.

அப்படியானால் கட்டைவிரல் குறிக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. கனடாவில் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம் 2023இல் ஒரு தானிய விற்பனை வழக்கில், கைபேசியில் அனுப்பிய கட்டைவிரல் குறியை ஒப்பந்தத்துக்கான ஒப்புதலாக ஏற்றது. அந்த இருவரும் அதற்கு முன்பும் இதேபோலச் சுருக்கமான பதில்களிலேயே வியாபாரம் செய்துவந்தவர்கள் என்பது அங்கே முக்கியமாக இருந்தது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. உங்கள் வாடிக்கையாளரோ முதல்முறை வந்தவர். இரவு 11 மணிக்குக் கைபேசித் திரையில் சின்னதாகத் தெரிந்த ஒரு படத்துக்கு அவர் போட்ட குறி "படித்துப் பார்த்தேன், அடியுங்கள்" என்பதா, "வந்து சேர்ந்தது" என்பதா? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் கேட்பார். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை நடுவே போட்ட குறி என்று அவர் சொன்னால் கேட்பவர்கள் நம்புவார்கள்.

ஆகவே என் மதிப்பீடு இது. பிழையில் பெரும்பங்கு உங்களுடையது. ப்ரூஃபைச் சரியாகப் பார்க்காத பங்கு அவருடையது. வழக்கு என்று போனால், கட்டிய பணம் முழுவதையுமோ பெரும்பகுதியையோ திருப்பித் தரச் சொல்லவும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை சேர்க்கவும் வாய்ப்பு இருக்கிறது. அவர் கேட்கிற 25,000 அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வழக்கை நடத்துவது அவருக்கு ரொம்பக் கஷ்டம் என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அவர் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வர வேண்டியதில்லை, நீங்கள்தான் திருநெல்வேலி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு வரை அவருக்கு நேரம் இருக்கிறது. 14,500 ரூபாய் விவகாரத்துக்கு உங்கள் ரயில் செலவையும் கடை அடைக்கிற நாட்களையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவரிடம் போனில் பேசுங்கள், ஆனால் முடிவை எழுத்தில் வையுங்கள். முதலில் வருத்தம் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் பெயர் அவள் கல்யாணப் பத்திரிகையிலேயே தப்பாக வந்திருக்கிறது, அந்த வருத்தம் உங்களுக்கும் இருக்கிறது என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அப்புறம் 14,500 ரூபாயையும் திருப்பித் தர முன்வாருங்கள். "எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி, இந்தப் பிரச்சினையை முழுமையாகத் தீர்க்கும் பொருட்டு" என்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதோடு மேற்கொண்டு கோரிக்கை இல்லை என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். 25,000 பற்றி அவர் பிடிவாதமாக நின்றால், ஆணையத்திலேயே சமரசத்துக்கு வழி இருக்கிறது. அங்கே போகும்போதும் நீங்கள் முன்பே பணத்தைத் தர முன்வந்த கடிதம் உங்கள் பக்கம் பேசும்.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரி

அந்த ஒரு வரியை நம்பி இருக்காதீர்கள். உங்கள் கடையில் நடந்த பிழைக்கு நீங்களே பொறுப்பில்லை என்று நீங்களே எழுதிக்கொள்வதைச் சட்டம் மதிக்காது. நுகர்வோருக்கு அளவு மீறிப் பாதகமாக இருக்கும் நிபந்தனைகளை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகம் என்றே அதில் இருக்கிறது.

நிற்கக்கூடிய நிபந்தனைகளும் உண்டு. உண்மையை முன்கூட்டிச் சொல்கிற நிபந்தனைகள் அவை. "திரையில் தெரியும் நிறமும் அச்சில் வரும் நிறமும் கொஞ்சம் மாறும்" என்பது உண்மை, அதைச் சொல்லலாம். "நீங்கள் ஒப்புக்கொண்ட ப்ரூஃபில் இருந்து, நாங்கள் மாற்றாமல் அடித்த விவரங்களுக்கு மறு அச்சு என்றால் செலவு உங்களுடையது, எங்கள் பிழை என்றால் செலவு எங்களுடையது" என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள், முதல் பாதிக்குப் பலம் அதிலிருந்துதான் வருகிறது.

ரத்து பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்ந்து வியாபாரம் செய்கிற சின்னக் கடைக்கும் அவை பொருந்தும். நீங்களே ஆர்டரை ரத்து செய்தால் அதே மாதிரிக் கட்டணத்தை நீங்களும் ஏற்பீர்கள் என்றால் ஒழிய, வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அதனால் "ரத்து செய்தால் பாதிப் பணம் போகும்" என்று இப்போது உங்கள் படிவத்தில் இருப்பதை எடுத்துவிடுங்கள். டிசைன் கூலியைத் தனி வேலையாக, தனித் தொகையாகக் காட்டுங்கள். டிசைன் செய்து கொடுத்துவிட்டால் அந்த வேலை முடிந்தது, அதற்கான கூலி உங்களுடையது. பேப்பரும், அச்சுத் தகடான பிளேட்டும் ப்ரூஃப் ஒப்புதலுக்குப் பிறகே வாங்கப்படும் என்றால், நடுவில் ஒருவர் விலகினாலும் இருவருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

படிவத்தை எப்படி அமைப்பது

கடை கவுன்டரில் ஒருவர் வந்து நின்றால் நீங்கள் என்ன கேட்பீர்கள், எந்த வரிசையில் கேட்பீர்கள்? என்ன அச்சு, எத்தனை, என்ன அளவு, என்ன பேப்பர், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, லேமினேஷன் வேண்டுமா, என்றைக்கு வேண்டும். அதே வரிசை படிவத்திலும் இருக்கட்டும். இப்போது இருப்பது எல்லா வேலைக்கும் ஒரே படிவம். விசிட்டிங் கார்டு கேட்பவரிடம் முகூர்த்த நேரம் கேட்கிறது, பில் புக் கேட்பவரிடம் எந்த எண்ணிலிருந்து நம்பரிங் என்று கேட்கவில்லை, இரண்டு காப்பியா மூன்று காப்பியா என்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு சின்னப் படிவம் போடச் சொல்லுங்கள். பேப்பரின் கனத்தைக் குறிக்க "ஜிஎஸ்எம்" என்று மட்டும் போட்டால் கல்யாண வீட்டாருக்குப் புரியாது, "300 ஜிஎஸ்எம், கெட்டியான கார்டு" என்று சேர்த்து எழுதுங்கள்.

மேட்டருக்கு இரண்டு வழி வையுங்கள். டிசைன் தயாராக வைத்திருப்பவர் பிடிஎஃப் அனுப்பட்டும். எழுத்துகளை கர்வ்ஸாக (எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத வடிவக் கோடுகளாக) மாற்றியிருக்க வேண்டும், வெட்டுவதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விட்டிருக்க வேண்டும், படங்களின் தெளிவு 300 டிபிஐ இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். டிசைன் இல்லாதவர் மேட்டரைத் தட்டச்சு செய்யட்டும், அல்லது கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பட்டும். எதுவாக இருந்தாலும் பெயர்களுக்கு மட்டும் தனிக் கட்டங்கள் வேண்டும். "மணப்பெண் பெயர், அச்சில் வர வேண்டியபடி" என்று யூனிகோடில் அவரே அடிக்கட்டும். அந்தக் கட்டம் இருந்திருந்தால், "ஸ்ரீ" விழுந்ததை உங்கள் டிசைனர் அங்கேயே பிடித்திருப்பார்.

கூகுள் படிவத்தில் கோப்பு ஏற்ற வேண்டுமென்றால் அனுப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். பாதிப் பேர் ஃபார்மை விட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்கு வருகிறார்கள் என்று நீங்கள் எழுதியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வாங்குவதில் தவறில்லை, ஆனால் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். எந்த வழியில் வந்தாலும் ஆர்டர் எண் ஒன்று கொடுத்து, கோப்பின் பெயரிலேயே அந்த எண் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கையெழுத்து. டிசைன் முடிந்ததும் பிடிஎஃப் ப்ரூஃபோடு ஒரு சின்னப் படிவத்தின் இணைப்பை அனுப்புங்கள். அதில் ப்ரூஃப் 1, ப்ரூஃப் 2 என்று எண் இருக்கட்டும். கீழே தனித்தனிக் கட்டங்கள்: பெயர்கள் எல்லாம் படித்தேன், தேதியும் கிழமையும் பொருந்துகின்றன, முகூர்த்த நேரம் சரி, மண்டப முகவரி சரி, போன் எண் சரி. கடைசியில் ஒப்புக்கொள்பவர் தன் பெயரையும் உறவையும் அடித்து அனுப்ப வேண்டும். கட்டங்களில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். நுகர்வோரின் சம்மதம் அவரே தெளிவாகச் செய்த செயலாக இருக்க வேண்டும், தானாக டிக் ஆன கட்டம் செல்லாது என்று மேலே சொன்ன 2020 விதிகளே சொல்கின்றன. ஒப்புதல் வந்தால்தான் மெஷின் ஓடும். ஒப்புதல் வந்த அதே பிடிஎஃப்தான் பிளேட்டுக்கும் போக வேண்டும், நடுவில் யாரும் "சின்னத் திருத்தம்" செய்யக் கூடாது. டெலிவரி நாளையும் ஆர்டர் தேதியிலிருந்து எண்ணாமல் ஒப்புதல் நாளிலிருந்து எண்ணுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, டிசைன், பேப்பர், அச்சு, லேமினேஷன், கூரியர் எல்லாம் பிரித்துக் காட்டி, மொத்தத்தை ஒரே தொகையாகவும் காட்டுங்கள். முதலில் குறைவாகக் காட்டிக் கடைசியில் கூரியர் செலவைச் சேர்ப்பது நுகர்வோர் பாதுகாப்புக்கான 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து வேலையைத் தொடங்காதீர்கள், வங்கிக் கணக்கைப் பாருங்கள். கார்டு எண் கேட்கும் கட்டம் எதுவும் படிவத்தில் இருக்கக் கூடாது.

தளத்தின் அடியில் கடையின் சட்டப்பூர்வமான பெயர், முழு முகவரி, போன், மின்னஞ்சல் இருக்க வேண்டும். குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவர் பெயரும் வேண்டும். சின்னக் கடையில் அது நீங்களேதான். வந்த புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றிப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னது

பாதி தப்பு, பாதி சரி. உங்கள் சொந்தத் தளத்தில் உங்கள் சொந்த வேலையை விற்பதால் மட்டுமே பதிவு கட்டாயமாகிவிடாது. அவர் மற்றவர்களின் விற்பனைத் தளம் வழியாக விற்பவர்களுக்கான விதியை உங்களோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் உங்கள் வரம்பு 40 லட்சம் என்று நினைத்திருக்கிறீர்கள். அது பொருள் மட்டும் விற்பவர்களுக்கு. அச்சுத் தொழிலில் எது பொருள், எது சேவை என்பதற்கு 2017 அக்டோபர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் மேட்டரை மட்டும் கொடுத்து, பேப்பர் உங்களுடையதாக இருந்தால், புத்தகம், துண்டறிக்கை போன்றவை அச்சுச் சேவை. பெயர் அச்சிட்ட தபால் உறை, பெட்டி போன்றவை பொருள். உங்கள் கடையில் இரண்டும் நடக்கிறது, அதனால் உங்கள் வரம்பு 20 லட்சம். 16 லட்சத்தில் இருக்கிறீர்கள், இணையத்தில் வியாபாரம் கூடினால் சீக்கிரமே தொட்டுவிடுவீர்கள்.

எனக்குக் கவலை தந்தது வேறு. புதுச்சேரித் துணிக்கடை ஒன்றுக்கு 1,000 தபால் உறை அடித்துக் கூரியரில் அனுப்பியதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். வரிக்கு உட்பட்ட பொருளை வெளி மாநிலத்துக்கோ யூனியன் பிரதேசத்துக்கோ விற்றால் வரம்பு எதுவும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். அந்த ஒரு பில்லை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். பதிவு எடுக்கும்வரை படிவத்தில் மாநிலம் என்று ஒரு கட்டம் வைத்து, தமிழ்நாடு தவிர மற்றதை ஏற்காமல் இருங்கள். அஞ்சல் குறியீட்டை மட்டும் வைத்துத் தடுக்க நினைக்க வேண்டாம். புதுச்சேரி 605இல் தொடங்குகிறது, விழுப்புரமும் 605இல்தான் தொடங்குகிறது.

தேர்தல் நோட்டீஸ்

அடிக்காதீர்கள், பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ படி, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். வெளியிடுபவர் தன் அடையாளம் பற்றிய உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் சான்றொப்பம் போட்டு, இரண்டு பிரதிகள் உங்களிடம் தர வேண்டும். அச்சிட்ட பிறகு அதில் ஒன்றையும் நோட்டீஸின் ஒரு பிரதியையும் அச்சகம் அனுப்ப வேண்டும். சென்னையில் அடித்தால் அது தலைமைத் தேர்தல் அதிகாரிக்குப் போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை அச்சகத்துக்கும் சேர்த்துத்தான். பெயர் இல்லாதவர் பணம் முழுவதையும் முன்கூட்டியே அனுப்பியது நல்ல அறிகுறி இல்லை, சகோதரி.

படிவத்திலேயே எழுதிவிடுங்கள்: "தேர்தல் தொடர்பான அச்சு வேலைகள் இணையத்தில் ஏற்கப்படாது, உறுதிமொழியோடு கடைக்கு நேரில் வரவும்." அதே இடத்தில் ரப்பர் ஸ்டாம்ப், சான்றிதழ், அரசு முத்திரை உள்ள கார்டு, ரூபாய் நோட்டைப் போன்ற நோட்டீஸ் இவற்றுக்கும் நேரில் வரச் சொல்லுங்கள். ஆளைப் பார்த்து, அடையாளத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலைகள் இவை. பலவற்றை மறுக்கவே வேண்டியிருக்கும்.

அண்ணன் மகனின் டிரைவ்

தம்பி நல்ல மனதோடுதான் செய்து கொடுத்திருக்கிறார். ஆனால் இன்று உங்கள் வாடிக்கையாளர்களின் போன் எண், முகவரி, குழந்தைகளின் பிறந்தநாள் படங்கள், லேமினேஷனுக்கு வந்த ஆதார் நகல்கள் எல்லாம் அவருடைய சொந்தக் கணக்கில் கிடக்கின்றன. அவர் பெங்களூரில் வேலைக்குப் போகப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அந்தக் கடமைகள் தம்பிமேல் விழாது, கடை உங்களுடையது என்பதால் உங்கள்மேல்தான் விழும்.

கடைப் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், உங்கள் பெயரில் இல்லையென்றால் அவர் ஊருக்குப் போகும் முன் மாற்றி வாங்குங்கள். தளத்தின் உரிமை உங்களுக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். உறவு என்பதால் கேட்கத் தயங்க வேண்டாம், உறவு கெடாமல் இருக்கத்தான் கேட்கச் சொல்கிறேன். ஆதார் நகல் போன்றவற்றை வேலை முடிந்ததும் அழியுங்கள். ஆர்டர் விவரம், மேட்டர், ப்ரூஃப், ஒப்புதல் இவற்றை மட்டும் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருங்கள், ஏனென்றால் புகார் வரக்கூடிய காலம் அது.

ஒரு கடைசி விஷயம். திருநெல்வேலிக்காரர் அனுப்பிய மேட்டர் கோப்பை யாரும் திறந்து திருத்திச் சேமிக்க வேண்டாம். வந்தது வந்தபடியே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63 படி ஒரு சான்றிதழ் வேண்டும், வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. வழக்கு நோட்டீஸ் எதுவும் வந்தால் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று எழுதியிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். போகும்போது அந்த பென்டிரைவும், ப்ரூஃபின் அச்சுப் பிரதியும், மீதமிருக்கும் பத்திரிகையில் ஒன்றும் கையில் இருக்கட்டும்.